அலுவலகத்தில் வாங்கி வைத்த தமிழ்

அந்தக் கல்லூரியில் ஜப்பானிய மொழி படிக்கச் சேர்பவர்கள், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியலோடு தங்கள் தமிழையும் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். படிப்பு முடிந்ததும் திருப்பித் தருவார்கள். எல்லாக் கல்லூரியிலும் அசலை வாங்கி வைத்துக்கொள்வதுதானே என்று துளசிமணியும் மகளுக்காகக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

இப்போது ஒரு வாரமாக மகள் தாரணி போனில் அழுதுகொண்டிருந்தாள். அழுகை புரிந்தது; நடுநடுவே வந்த ஜப்பானியம் புரியவில்லை. காய்ச்சலா? யாராவது ஏதாவது சொன்னார்களா? விடுதிச் சோறு ஒத்துக்கொள்ளவில்லையா? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட துளசிமணிக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. கல்லூரிக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று பொள்ளாச்சியில் பஸ் ஏறிவிட்டாள்.

"ஏனுங்க சார், எம் புள்ளையோட தமிழ ஒரு மணி நேரத்துக்குக் குடுத்தாப் போதுமுங்க. எதுக்கு அழுகறான்னு மட்டும் கேட்டுக்கறேன்."

அலுவலக எழுத்தர் பீரோவைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். "மடிக்காமக் கொண்டு போங்க."

வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்த தாரணி உறையைப் பிரித்து, உள்ளே இருந்ததை வாயில் போட்டுக்கொண்டாள். அழுதபடியே அம்மாவைப் பார்த்தாள்.

"எம்மா, இப்பமும் எங்கிட்ட பேச மாட்டியளா? அண்ணைக்கு நான் அப்பிடிச் சொன்னது தப்புதாம்மா."

துளசிமணி குழம்பினாள். அவர்களுக்குள் சண்டையே நடந்ததில்லை. உறையைத் திருப்பினாள். 'ஷைனி, மார்த்தாண்டம்' என்று எழுதியிருந்தது. இருந்தாலும், கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பேசறேன் கண்ணு. எனக்கொண்ணும் கோவமில்ல. சரி, தாரணி எதுக்கு அழுகறா? அதச் சொல்லு."

"அது எப்பிடிம்மா சொல்லுவேன்? இது ஷைனிக்க தமிழுல்லா. இதுல அதுக்கு வார்த்தையே இல்ல."

தாரணி அதை வாயிலிருந்து எடுத்து உறையில் போட்டதும், துளசிமணி உறையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"மாறிப்போச்சுங்களா?" என்றார் எழுத்தர். "உங்க பொண்ணோடத அந்தப் புள்ளைக்குக் குடுத்துட்டோம் போல. லீவு போட்டு, அத வாங்கிட்டு ஊருக்குப் போயிருக்குது. வர பத்து நாளாகும்."

"அதுவரைக்கும் இவ அழுதுட்டே இருப்பாளாங்க?"

"தமிழ இங்க வெச்சுட்டுப் போகணும். அழுகைய நீங்க எடுத்துட்டுப் போலாம். அதுக்கு மொழி கெடையாதுங்க, நாங்க வாங்கி வைக்கறதில்ல."

எதற்கான அழுகை என்று தெரியாமலே துளசிமணி அதை மகளிடமிருந்து வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள். கேட் வரை வந்த தாரணி ஜப்பானிய மொழியில் என்னவோ சொல்லிச் சிரித்தாள். துளசிமணி தலையாட்டினாள்.

பஸ்ஸில் கண்டக்டர் அவள் மடியை எட்டிப் பார்த்தார். "எத்தனை வயசும்மா?"

"ஒரு வாரந்தானுங்க."

"டிக்கெட் வேண்டாம். மடியிலயே வெச்சுக்கங்க."

ஜன்னலோரம் இருந்த பெண் நகர்ந்து இடம் விட்டாள். அவள் மடியிலும் ஓர் அழுகை, பெரியது, கால்களை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. "உங்களோடது என்ன படிக்குது?" என்று கேட்டாள்.