காக்க முடியாத தேதி

2019 செப்டம்பர் 2, திங்கட்கிழமை. தென்கொரியாவின் கொஜே தீவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த எண்ணெய்க் கப்பலின் தொட்டிகளுக்குள் பூசிய பெயின்ட் இன்னும் காயவில்லை.

அடுத்த வாரமும் காயாது என்பது பெயின்ட் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். முந்தின கூட்டத்தில் கப்பல் முதலாளியின் ஆள், நார்வேக்காரர் தோர்கெய்ர், பதினோராம் தேதி தொட்டிகளைச் சோதிக்கலாமா என்று கேட்டிருந்தார். "பரிசீலிக்கிறோம்" என்றார் பிரிவுத் தலைவர் பான். கொரிய அலுவலகத்தில் அதற்கு 'முடியாது' என்று பொருள். மொழிபெயர்த்த தாக் உன்சோல் வார்த்தை பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். தோர்கெய்ர் தேதியை உறுதியென்று குறித்துக்கொண்டார்.

அன்று சோதித்தால் பெயின்ட் தேறாது. மறுநாள் தொடங்கும் சூசொக் பண்டிகை விடுமுறை முழுக்க ஆட்கள் தொட்டிக்குள் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.

'முடியாது' என்று உன்சோல் சொன்னால் தலைவர் முகத்தில் அடித்ததாகும். 'கஷ்டம்' என்றால், உதவிக்கு ஆள் தரட்டுமா என்பார் தோர்கெய்ர். கல்லூரியில் மனப்பாடம் செய்து பரீட்சையோடு மறந்த ஒரு சொல் அவள் நினைவுக்கு வந்தது: அன்டெனபிள். கொரியப் பொருள், காக்க முடியாதது. எதிரி சூழ்ந்த கோட்டையை அப்படிச் சொல்வார்கள். வீரர்கள் கோழைகள் என்று அதற்கு அர்த்தமில்லை, கோட்டை இருக்கும் இடம் அப்படி. அவளுக்கு வேண்டியது அதுதான். ஆனால் கொரிய நாக்கு சொல்லின் கடைசியில் ஓர் உயிரெழுத்தை ஒட்டியது. பேருந்திலும் குளியலறையிலும் சொல்லிச் சொல்லி அதை வெட்டினாள்.

"என்னடி, சூப்பைப் பார்த்து மந்திரம் ஓதற?" என்றாள் கேன்டீனில் எதிரே உட்கார்ந்த தோழி க்யூரி. "நோன்னு சொல்லிட்டுப் போயேன்."

"நான் நோ சொல்லிட்டா நம்ம தலைவர் முகத்த எங்க வெச்சுக்குவார்?"

க்யூரி கிம்ச்சி ஊறுகாய்த் தட்டை நகர்த்தினாள். "சரி, இன்னொரு தடவை சொல்லு. வால் நீளுது."

வியாழக்கிழமைக் கூட்டத்தில் தோர்கெய்ர் பதினோராம் தேதியைப் படித்தார். இன்னொரு முறை பரிசீலிக்கிறோம் என்று கொரிய மொழியில் சொல்லிவிட்டு, பான் உன்சோலைப் பார்த்தார்.

பெயின்டின் நிலையைப் பார்த்த பிறகு அந்தத் தேதி அன்டெனபிள் என்று பான் கருதுகிறார் என்றாள் அவள். வால் நீளவில்லை. தோர்கெய்ர் பேனாவை வைத்தார்.

"இதப் போன வாரமே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னார். எங்க ஊர்ல பரிசீலிக்கிறோம்னா அதுதாங்க. அப்படியே மொழிபெயர்த்தது நான்."

தோர்கெய்ர் சிரித்துவிட்டு நாட்காட்டியைப் புரட்டினார்.

வெளியே வந்ததும் பான், "நான் அவ்வளவு கடுமையாவா சொன்னேன், தாக்?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன், சார்."

"ம். அந்த வார்த்தைய எழுதிக் குடு."

சோதனை பத்தொன்பதாம் தேதி நடந்தது. பெயின்ட் தேறியது.