மிதவைக்கு ஒரு தரை

நனைத்த துணியை ரப்பர் துண்டின் மேல் பிழிந்துவிட்டு, அவள் அதை அப்பாவின் உள்ளங்காலில் வைத்து அழுத்தினாள்.

"எப்படிப்பா இருக்கு?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. யோசிக்கிறாரா, தூங்கிவிட்டாரா, இல்லை... மார்பின் மேல் கிடந்த போர்வை ஒருமுறை ஏறி இறங்கும்வரை அவளும் மூச்சு விடவில்லை.

"வழுக்கும்," என்றார் கடைசியில். "வேற கொண்டா."

அவளுக்கு உயிர் வந்தது.

ஏரியில் அப்பாவுக்கு ஒரு மிதவைப் படகு இருந்தது. இரண்டு நீளமான அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் பலகைத் தரை, சுற்றிக் கம்பி, தலைக்கு மேல் ஒரு துணிக்கூரை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஏரியை ஒரு வட்டம் அடித்துக் கொண்டுவந்து விடுவார். கரையில் எல்லோரும் அவரைக் கப்பல்காரர் என்று கூப்பிட்டார்கள். பத்துப் பேர் உட்காரும் படகுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். அவரும் மறுத்ததில்லை.

படகின் தரையில் ஒட்டியிருந்த கார்பெட் வருஷக்கணக்காகத் தண்ணீரைக் குடித்துக் குடித்து, அடியிலிருந்த பலகையை உளுத்துப்போக வைத்திருந்தது. தம்பி எல்லாவற்றையும் பிய்த்தெறிந்துவிட்டுப் புதுப் பலகை அடித்துவிட்டான். அதன் மேல் என்ன போடுவது என்பதை மட்டும் அப்பாதான் சொல்ல வேண்டும். வண்ணத்தையோ விலையையோ அவர் பார்க்க மாட்டார். மாதிரித் துண்டை வெயிலில் போட்டு, தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு ஏறி நிற்பார். கால் சரி என்றால் சரி. எழுந்து நிற்க முடியாமல் போனபிறகு, மாதிரிகள் கட்டிலுக்கு வர ஆரம்பித்தன.

ஒரு வாரம் தாங்கினால் பெரிய விஷயம், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருங்கள் என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பியிருந்தார். வாரம் போனது. அப்பா போகவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் கண் விழித்து, "இன்னைக்கு என்ன பாப்பா கொண்டாந்த?" என்று கேட்டார்.

அவள் கல்லூரியில் கணிதம் சொல்லித் தருகிறவள். ஒன்றையும் இன்னொன்றையும் கூட்டிப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. அப்பா எந்த வேலையையும் பாதியில் விட்டுப் போனவர் இல்லை. முடிந்துவிட்டால் ஒரு நிமிஷம் கூட நின்றவரும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்டிவிடுவார். அவளுடைய கல்யாணத்திலேயே கடைசிப் பந்தி எழுந்ததும் ஆளைக் காணோம். ஆக, தரை முடிவாகாத வரை அப்பா இருப்பார். இதை வாய்விட்டு யாரிடமும் சொல்ல முடியாது. அவளுடைய மாணவர்கள் சிரிப்பார்கள். அவளே சிரிப்பாள், வேறு யாராவது சொல்லியிருந்தால்.

அதனால் கடைக்கு மேல் கடை ஏறினாள். வினைல், பின்னல் போட்ட வினைல், குமிழ் வைத்த ரப்பர், அழுத்தினால் அமுங்கும் ஃபோம். கடைக்காரர் ஒருநாள், ஒரு படகுக்கா மேடம், இல்லை துறைமுகத்துக்கே போடப் போறீங்களா என்று கேட்டார். சாம்பல் நிறத்தில் கோடு ஓடிய ஒரு துண்டை வைத்தபோது, "இது பரவாயில்ல..." என்று அப்பா ஆரம்பித்ததும் அவளுக்கு வேர்த்துவிட்டது. வெயிலில் கொதிக்கும்பா, குழந்தைகள் கால் வெந்துபோகும் என்று அவசரமாகச் சொன்னாள். அப்பா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஆமாம், கொதிக்கும் என்றார்.

தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. அன்று காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று, பலகைக்கு இன்றைக்குக் கடைசிப் பூச்சு அடிக்கப்போவதாகவும், தரை ஒட்டுகிறவர் இனி காத்திருக்க மாட்டார் என்றும் சொன்னான்.

"ஏதாவது ஒண்ணைச் சொல்லுக்கா. அப்பா ஒருதடவ கண்ணால பாத்துட்டுப் போகட்டும்."

"எங்க போகட்டும்?"

அவன் வண்டியைக் கிளப்பினான். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மதியம் அப்பா அடுத்ததைக் கேட்டார். ஜன்னலோரம் கிடந்த கறுப்பு ரப்பரை, துணி ஒட்டிய முதுகுப்பக்கமாகப் பிடித்துத் தூக்கிவந்து, நனைக்கக்கூட மறந்து அவர் காலில் அழுத்தினாள். சரியாகப் பதியவில்லையே என்று ஓரத்தை இழுத்தபோது விரல் சுட்டது. காலையிலிருந்து அது வெயிலில் கிடந்திருக்கிறது. பதறி எடுத்தாள். உள்ளங்கால் சிவந்திருந்தது.

"ஜில்லுனு இருக்கு," என்றார் அப்பா. "ஆனா வழுக்கும். வேற கொண்டா."

அவள் கையில் துண்டோடு அப்படியே நின்றாள். பிறகு குனிந்து அவருடைய பெருவிரலைக் கிள்ளினாள். கணுக்காலை. முழங்காலுக்குக் கீழே. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த மாதிரிக்காகக் காத்திருந்தார்.

"எத்தனை நாளாப்பா இப்படி?"

"நீதான் தினம் ஓடி ஓடிக் கொண்டாந்தியே," என்றார். "பயந்துகிட்டே."

அவருடைய பாதத்தைப் போர்வைக்குள் வைத்து மூடினாள்.

"நீ நில்லு," என்றார். "நின்னு சொல்லு."

மாதிரிகளைக் கட்டிலின் பக்கத்தில் வரிசையாகப் பரப்பினாள். செருப்பைக் கழற்றினாள். சொம்பிலிருந்து ஊற்றிய தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. ஒவ்வொன்றிலும் ஏறி நின்று, கால் என்ன சொல்கிறது என்று கேட்டுச் சொன்னாள். இது குமிழ், ரொம்ப நேரம் நிற்க வலிக்கும். இது மெத்துமெத்து என்று இருக்கிறது, ஆனால் தண்ணீர் தேங்குகிறது. அப்பாவின் மூச்சு வந்தது, நின்றது, எங்கோ போய்த் திரும்பி வந்தது. சாம்பல் துண்டில் ஏறினாள்.

"இதுல விரல் தானா பிடிக்குதுப்பா. தண்ணி கோட்டு வழியா ஓடிடுது."

"கொதிக்கும்னியே?"

"கொதிக்காதுப்பா."

"தெரியும்," என்றார். குரலில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. "அதையே போடச் சொல்லு."

சரி என்றாள். இறங்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அவள் அடுத்த துண்டில் ஏறினாள். இதோ இன்னும் இரண்டு இருக்கிறதுப்பா, இதையும் கேட்டுவிடுங்கள் என்றாள். இது பின்னல் போட்டது, குதிகாலில் உறுத்துகிறது. இது... தன் பாதங்களை மட்டுமே பார்த்துக்கொண்டு பேசினாள். சொல்லி முடிந்ததும் முதல் துண்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அறையில் அவள் குரலைத் தவிர வேறு சத்தமே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அது கேட்டுவிடும்.

சாப்பாட்டுக்கு வந்த தம்பி நிலைப்படியில் நின்றான். தண்ணீருக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருக்கும் அக்காவைப் பார்த்தான், பிறகு கட்டிலை. கிட்டே ஓடினான். அப்பாவின் முகத்துக்கு நேரே கை போய் அந்தரத்தில் நின்றது. விரலெல்லாம் பலகைக்கு அடித்த பூச்சு.

"காயலக்கா," என்றான். "தொட்டா ஒட்டிக்கும்."

அவள் பேச்சை நிறுத்தினாள். அவனைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, பழைய துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். விரல் இடுக்குகளில் இருந்தது வந்துவிட்டது. நகக்கண்ணில் இருந்தது வரவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள்.