எல்ட்ரிட்டின் நாலு விரல்

ஹர்டாங்கர் மலைமேட்டில் அந்த வருட மான் வேட்டைக்கு அதுதான் கடைசி நாள். என் மைத்துனன் தோர்கில் தன் பங்கு மானை முதல் நாளே அடித்துவிட்டான். என் மனைவி எல்ட்ரிட்டின் அனுமதிச் சீட்டுக்கு இன்னும் மான் கிடைக்கவில்லை. நான் சுடுவதில்லை, மூட்டை சுமப்பேன், காபி போடுவேன்.

காலையில் ஓடையைக் கடக்கும்போது பாசிக் கல்லில் எல்ட்ரிட்டுக்குக் கால் வழுக்கியது. அவளுக்கு அடியில்லை. ஆனால் துப்பாக்கியின் மேலிருந்த ஸ்கோப், குறிபார்க்கும் தொலைநோக்கி, பாறையில் மோதிய சத்தம் எங்கள் மூவருக்குமே கேட்டது.

"போச்சு. மூட்டையைக் கட்டு, மாப்ள. ஊருக்குப் போலாம்" என்றான் தோர்கில்.

"இருண்ணா, இன்னும் பொழுது இருக்கு."

"அடி வாங்குன ஸ்கோப்ப நம்பிச் சுடுவியா? மானுக்குக் காலு ஒடிஞ்சு காட்டுல கெடந்து சாகணுமா? வேணும்னா என் துப்பாக்கிய எடுத்துக்கோ."

"உன்னுது வலக்கைத் துப்பாக்கி. அதுல நான் சுட்டாத்தான் மானுக்குக் காலு ஒடியும்."

எல்ட்ரிட் இடக்கைக்காரி. கண்ணாடி உடையவில்லை. ஸ்கோப்பைப் பிடித்திருந்த திருகுகள்தான் தளர்ந்திருந்தன. அவற்றை முடுக்கினாள். இனி குறியைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் மூடுபனியில் முப்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

"இருபத்தஞ்சு மீட்டர் போதும்" என்றாள்.

தோர்கில் விழுந்து விழுந்து சிரித்தான். "இருபத்தஞ்சுல நம்ம அம்மாவே கண்ண மூடிட்டு அடிப்பாங்கடி! மான் இருநூறுல நிக்கும். உன் குண்டு எல்லை தாண்டி ஸ்வீடனுக்குப் போயிரும்."

அவள் ரொட்டி வந்த அட்டையில் கரித்துண்டால் ஒரு சிலுவை போட்டு, கயிற்றால் தூரம் அளந்து, கரிமண் மேட்டில் குத்தி வைத்தாள். என் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்து, ஒரே இடத்தைக் குறிவைத்து மூன்று முறை சுட்டாள். மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி விழுந்திருந்தன. ஆனால் சிலுவைக்கு வலப்பக்கம், கொஞ்சம் கீழே.

"சிதறல. ஸ்கோப் நல்லாத்தான் இருக்கு, இடம்தான் மாறியிருக்கு" என்றாள் என்னிடம். குண்டு விழும் இடத்தை நூறு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் நகர்த்த ஸ்கோப்பின் குமிழை ஒரு சொடுக்கு திருப்பினால் போதும். இருபத்தைந்தில் நாலு சொடுக்கு வேண்டும். முணுமுணுத்தபடியே எண்ணித் திருப்பினாள். அடுத்த குண்டு சிலுவையின் நடுவைத் துளைத்தது.

"சரி, அட்டை செத்துருச்சு. இருநூறுக்கு என்ன பண்ணுவ?" என்றான் தோர்கில்.

"ஸ்கோப் மேல இருக்கு, குழல் கீழ இருக்கு. குண்டு கீழருந்து ஏறி, இருபத்தஞ்சுல நம்ம பார்வைக் கோட்டத் தொடும். அப்புறம் கோட்டுக்கு மேலயே போயி, இருநூறு தாண்டித் திரும்ப எறங்கித் தொடும். நூறுல சிலுவைக்கு நாலு விரல் மேல அடிக்கணும். இல்லேன்னா நானே மூட்டையக் கட்டுறேன்."

மதியம் பனி விலகியது. நூறு மீட்டரில் சிலுவை போட்ட புது அட்டை வைத்துவிட்டு வந்தேன். ஒரே குண்டு. தோர்கிலே ஓடிப் போய்ப் பார்த்தான். சிலுவைக்கும் ஓட்டைக்கும் நடுவே விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தவன், அங்கிருந்தே நாலு விரலை உயர்த்திக் காட்டினான்.

வெயில் சாயும் நேரத்தில் எதிர்ச் சரிவில் மான் கூட்டம் வந்தது. நாங்கள் பாறைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டோம். தோர்கில் தூரமானியைக் கண்ணில் வைத்து, "நூத்தித் தொண்ணூறு. இனி கிட்ட வராது, காத்து மாறுது" என்று கிசுகிசுத்தான். பெரிய கிடா மான் ஒன்று மற்றவற்றை விட்டுத் தள்ளிப் பக்கவாட்டில் நின்றது. எல்ட்ரிட் மூச்சை வெளியே விட்டாள்.

துப்பாக்கி வெடித்தது. கிடா ஓரடி எடுத்து வைத்து, முன்னங்கால் மடிந்து, அப்படியே சாய்ந்தது. பிறகு அசையவில்லை.

தோர்கில் தொப்பியை வானத்தில் எறிந்தான். "அடியே ராட்சசி!" என்று அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். குண்டு தோளுக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டின் நடுவே பாய்ந்திருந்தது.

அன்று குடிசையில் மானின் இதயத்தை வெண்ணெயில் வதக்கினேன். தோர்கில் குன்றின் உச்சிக்கு ஏறி, சிக்னல் கிடைத்ததும் ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் போன் போட்டான். கீழே எங்களுக்கே அவன் குரல் கேட்டது: "நான் இல்லப்பா, என் தங்கச்சி! ஆமா, அடிபட்ட அதே துப்பாக்கிலதான்!"