நின்றால் தண்ணீர் ஏறாத என்ஜின்

மற்ற என்ஜின்களுக்குத் தண்ணீர்த் தொட்டி பக்கவாட்டில் இருக்கும். இவளுக்கு வயிற்றுக்கடியில், சக்கரங்களுக்கு நடுவே தொங்கியது. அதனால் பட்டறைக்காரர்கள் ‘குண்டம்மா’ என்றார்கள். கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு அச்சோடு பிணைந்திருந்தது. சக்கரம் சுற்றினால்தான் ஏறும். ஆகவே தினமும் காலையில் ஓட்டுநர் அவளைக் கொட்டகை வாசலில் முன்னும் பின்னுமாக நடத்துவார்.

“பிள்ளைத்தாச்சிய உலாத்துற மாதிரியில்ல இருக்கு, அத்தான்!” என்பான் கரி போடும் மைத்துனன்.

“வாய மூடிட்டுக் கரியப் போடுடா. இவள மாதிரி மேடு ஏறுறவ ஒருத்தியக் காட்டு பாப்போம்.”

அது வெறும் பெருமையல்ல. தொட்டியின் பாரம் சக்கரங்களை அழுத்தியதால், மழையிலும் அவள் வழுக்கியதில்லை. அவளை வடிவமைத்த கையை மனதுக்குள் கும்பிட்டுவிட்டுத்தான் ஓட்டுநர் ஏறுவார்.

ஆனால் வழியில் நின்று போனால் கொதிகலனில் தண்ணீர் குறையும். நெருப்பைக் கொட்டி அணைக்க வேண்டிவரும். இரண்டு முறை அப்படி ஆகிவிட்டது. மூன்றாம் முறை ஆனால் அவளை உருக்கிவிடுவது என்று முடிவு. அதைப் பார்க்கவே அன்று மேலாளர் வண்டியில் ஏறியிருந்தார்.

பாதி வழியில் தண்டவாளத்தைக் கடந்த ஒரு செங்கல் வண்டி அச்சு முறிந்து அதன்மேலேயே கிடந்தது. பின்னால் அடுத்த ரயில் வந்து நின்றுவிட்டதால் பின்னுக்கும் நகர வழியில்லை. கல்லை இறக்க ஒரு மணி நேரமாகும். கொதிகலனின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விரல் விரலாக இறங்கியது.

“நெருப்பக் கொட்டிரலாம், அத்தான். வெடிச்சா எலும்புகூட மிஞ்சாது.”

“நின்ன எடத்துலயே சக்கரம் சுத்துனாப் போதும்டா. இவதான் வழுக்கவே மாட்டாளே!” என்றார் ஓட்டுநர்.

பெட்டியிலிருந்து இறங்கி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சலவைக்கடைப் பெண், “வழுக்கணும், அவ்வளவுதானேண்ணே?” என்று கூடையைத் திறந்தாள். அந்த மாதத்துக்கு வாங்கிய சவுக்காரம் முழுதும் அதில் இருந்தது.

“வேணாம்மா, அது உன் பொழப்பு.”

“துணி நாளைக்கும் வெளுக்கும். புடிங்க.”

ஆண்டவன் கைகொடுக்க நினைத்தால் யார் கூடையிலிருந்தும் எடுத்துக் கொடுப்பான்.

பெட்டிகளின் பிரேக்குகளை இறுக்கினார்கள். தண்டவாளத்தை நனைத்துச் சவுக்காரம் தேய்த்தார்கள். மேலாளரும் கோட்டைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். நீராவியைத் திறந்ததும் குண்டம்மா நின்ற இடத்திலேயே நுரை பறக்கச் சக்கரம் சுழற்றினாள். குழாயில் தண்ணீர் ஏறியது.

செங்கல் விலகியபின் சாம்பலால் நுரையைத் துடைத்துக் கிளப்பினார்கள். மேட்டை அவள் அலட்சியமாக ஏறினாள்.

“கொற அவகிட்ட இல்லப்பா. நின்னுகிட்டே தண்ணி குடிக்க நாமதான் வழி பண்ணல,” என்றார் மேலாளர், நிலையத்தில் இறங்கியதும். “ஒரு கைப்பம்பு மாட்டிருங்க. உருக்குற பேச்சே வேண்டாம்.”

ஓட்டுநர் கூட்டத்துக்குள் ஓடினார். “தங்கச்சி! அவ பொழச்சிட்டா!”

அந்தப் பெண் காலிக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே திரும்பினாள். “அப்ப சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிப் போறதுக்கும் இவதானே? நல்லதாப் போச்சு.”