கரண்டு சொன்ன முடிவு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அந்தப் பெண், எந்தக் கதைப் புத்தகம் கைக்கு வந்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் படிப்பாள். யார் பிழைத்தார்கள், யார் பிழைக்கவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகே முதல் பக்கத்துக்கு வருவாள். "சினிமாவுக்குக் கூப்பிட்டாக்கூட, டிக்கெட் கிழிக்கிறவர்கிட்ட முடிவு என்னன்னு கேட்டுட்டுத்தாம்மா நீ உள்ளயே வருவே" என்று மகள் கேலி செய்வாள். "கேட்டா என்னடி? சொன்னா அவர் வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?" என்பாள் அவளும் விடாமல். ஆனால் இது விளையாட்டில் பிறந்த பழக்கமன்று. வழக்கம்போல் காலையில் வேலைக்குப் புறப்பட்ட கணவன் வழக்கம்போல் மாலையில் திரும்பாமல் போன நாளிலிருந்து, முடிவு தெரியாத எதற்குள்ளும் காலெடுத்து வைக்க அவளுக்குத் துணிவு வருவதில்லை. புயலுக்கு அஞ்சிய குருவி ஒன்று, கூடு கட்டுமுன் காட்டின் எல்லைவரை பறந்துபோய் வானத்தைப் பார்த்துவிட்டு வருமாம். அதற்குள் நல்ல சுள்ளிகளையெல்லாம் மற்றப் பறவைகள் பொறுக்கிக்கொண்டுவிடும். பொறுக்கியது போதாதென்று அதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்யும். போன புயலில் நீ எதை இழந்தாய் என்று அந்தக் குருவியைக் கேட்ட பறவை ஒன்றுகூட இல்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலைநேரக் கல்லூரியில் அவள் சேர்ந்ததும் ஒருவகையில் அச்சத்தினால்தான். நீராவி இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் அவளுடைய விரல்நுனிகள் மரத்துக்கொண்டு வந்தன. படிப்பை முடித்தால் மருத்துவமனைப் பண்டகசாலையில் ஓர் எழுத்தர் நாற்காலி தருவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். இந்த ஆண்டு முடியும்வரைதான் அந்த நாற்காலி காத்திருக்கும் என்றும் சொல்லியிருந்தார். மற்றப் பாடங்களிலெல்லாம் அவள் தேறிவிட்டாள். எஞ்சியிருந்தது இலக்கியப் பாடம் ஒன்றுதான். அதில் ஒரு நாவலின் பாத்திரத்தையும் கருப்பொருளையும் பற்றி நீண்ட கட்டுரை எழுத வேண்டும். பேராசிரியை அதற்கு ஒரு விதி வைத்திருந்தார். கட்டுரையை எழுதுவதற்கு முன் அதன் திட்டத்தை வகுப்பின் முன்னால் நின்று வாயால் சொல்ல வேண்டும். அவர் தலையசைத்தால்தான் எழுதலாம். இல்லையென்றால் அடுத்த ஆண்டுதான். போன ஆண்டு அவள் எழுந்து நின்றாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பாடத்துக்கு வைத்திருந்த நாவல் கடைகளில் கிடைக்கவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மட்டும் எங்கிருந்தோ வரவழைத்துச் சொந்தப் பிரதி வைத்திருந்தாள். மற்றவர்கள் கூட்டாகச் சேர்ந்து பழைய பிரதிகளைத் தேடிப் பிடித்தார்கள். இவளும், பக்கத்து இருக்கையில் உட்காரும் மின்பணியாளனும் ஒரு பிரதியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். வகுப்பில் எல்லோரும் அவனைக் கரண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்கு எப்போது எந்தக் கட்டடத்தில் வேலை என்று அவனுக்கே தெரியாது. இவளுக்கோ முறைமாற்றி வேலை. ஒரே புத்தகத்தை இருவரும் படிப்பது எப்படி? கரண்டு தன் கத்தியால் தையலைப் பிரித்து, புத்தகத்தை மூன்று பகுதிகளாக்கினான். முதல் இரண்டு பகுதிகள் அவளுக்கு, கடைசிப் பகுதி அவனுக்கு. பிறகு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

"தம்பி, கடைசி என்ன ஆகுதுன்னு மட்டும் சொல்லிடுங்க. இல்லேன்னா எனக்குப் படிக்கவே ஓடாது" என்று அவள் மறுவாரமே கேட்டாள்.

"என்னக்கா, நான் ரெண்டு நாள்ல படிச்சுக் குடுத்துடறேனே."

"அதெல்லாம் வேணாம். சொல்லிடுங்க, போதும்."

கரண்டு ஒரு நொடி தயங்கினான். பிறகு தன் வழக்கமான சிரிப்போடு சொன்னான்: "ஓடிப் போயிடறான்க்கா. வெள்ளம் வருது, மதகைத் திறக்கணும், அண்ணனுக்குக் கண்ணு தெரியாது. எல்லாத்தையும் போட்டுட்டு ராவோட ராவா ஓடிடறான்."

அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நாவலின் நாயகன் ஓர் ஏரியின் மதகைக் காவல் காப்பவன். பார்வையற்ற அண்ணனோடு கரைமேல் ஒரு குடிசையில் இருக்கிறான். அவன் ஓடப்போகிறவன் என்று தெரிந்ததும், படித்த ஒவ்வொரு பக்கமும் அதையே சொல்வதாக அவளுக்குத் தோன்றியது. அவன் செருப்பைக் கழற்றாமல் தூங்குகிறான். குடிசைக் கதவை ஒருநாளும் தாழிடுவதில்லை. மழை தூறினால் சோறு இறங்குவதில்லை. அச்சத்தை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றபடியே, விரிப்புகளை மடித்துக்கொண்டே, அவள் கட்டுரையை மனத்துக்குள் கட்டினாள். பாத்திரம்: ஓடுவதற்கு என்றும் ஆயத்தமாக இருக்கும் ஒருவன். கருப்பொருள்: அச்சம் ஒரு மனிதனைத் தின்று தீர்ப்பது. சான்றுகள்: செருப்பு, கதவு, சோறு. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பாடத்தில் அவளுக்குச் சொல்வதற்கு ஏதோ இருந்தது. படித்து முடித்த இரண்டு பகுதிகளையும் கரண்டிடம் கொடுத்தாள்; கடைசிப் பகுதியைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. "முடிவுதான் தெரிஞ்சாச்சே, மெதுவாக் குடுங்க தம்பி" என்று அவளே சொன்னாள். கரண்டும் ஒவ்வொரு வகுப்பிலும், "மறந்துட்டேன்க்கா" என்றான். அண்மையில் அப்படிச் சொல்லும்போது அவன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். அவள் அதைக் கவனிக்கவில்லை.

திட்டம் சொல்லும் நாள் வந்தது. வகுப்பறையின் குழல்விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. வங்கிப் பெண்தான் முதலில் எழுந்தாள். தெளிவான குரல், வரவு செலவைப் படித்துக் காட்டுவதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். "பாத்திரம், மதகுக் காவலாளி. கருப்பொருள், கடமை. கடைசியில வெள்ளம் குடிசைக்குள்ள வந்தப்பகூட அவன் மதகுச் சக்கரத்த விடல. ஊரே தப்பிச்சுது. அவன் என்ன ஆனான்னு நாவல் சொல்லல. கையிரண்டும் சக்கரத்துல இருக்கிறதோட கதை முடியுது."

பேராசிரியை தலையசைத்தார்.

இஸ்திரிக்காரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வேறு நாவலைப் பற்றிப் பேசுகிறாளோ என்று எண்ணினாள். பக்கத்தில் திரும்பினாள். கரண்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதுமடல்கள் சிவந்திருந்தன. அவ்வளவு போதுமாக இருந்தது. அடுத்த பெயர் தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தெரியும். அச்சம் எப்போதும் வருகிற வழியிலேயே வந்தது. வாசல் எத்தனை தூரம் என்று கண் தானாக அளந்தது. தலைவலி என்று சொல்லிவிடலாம். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். பண்டகசாலை நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பது, மின்விசிறிக் காற்றில் அவர்களுடைய தாள்கள் படபடப்பது, எல்லாம் அவள் கண்முன் தெரிந்தது.

"சலவைக்கூடம், வாங்க" என்றார் பேராசிரியை.

அவள் எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வேறொரு திட்டத்தைப் புனைந்து சொல்லும் திறம் அவளிடம் இல்லை. இருந்ததைத்தான் சொல்ல முடியும். செருப்போடு தூங்குகிறான் என்று தொடங்கினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. கதவைச் சொன்னாள். இறங்காத சோற்றைச் சொன்னாள். "அவன் எல்லா நேரமும் பயந்துகிட்டே இருக்கான் மேடம்" என்றபோது பேராசிரியை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. அதனால?"

"அதனால... கடைசியில ஓடிடறான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு சிரிப்பு இன்னொன்றைக் கிளப்பிவிட்டது. பேராசிரியை கையை உயர்த்தினார்.

"எந்தப் பக்கத்துல ஓடறான்?"

அவள் கண்கள் கரண்டின் பக்கம் போய்த் திரும்பின.

"கடைசிப் பகுதி படிச்சீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப ஓடிட்டான்னு எப்படிச் சொல்றீங்க?"

பக்கத்து இருக்கைக்காரனின் பெயரைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அவள் வாய் திறந்தது. ஆனால் சொல் வரவில்லை. அது பெருந்தன்மையா, போன ஆண்டு வந்த அதே ஊமைத்தனமா என்று அவளாலேயே பிரித்தறிய முடியவில்லை. "தப்புதான் மேடம்" என்றாள். பேராசிரியையின் பேனா அவளுடைய பெயரை நோக்கி இறங்கியது.

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. "நான்தான் சொன்னேன்" என்றான் கரண்டு.

சிரிப்பு வந்தது. கரண்டு எழுந்தாலே சிரிப்பது அந்த வகுப்பின் வழக்கம். இம்முறை அவன் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அது பாதியில் நின்றது.

"அக்கா முடிவு என்னன்னு கேட்டாங்க. நான் அப்ப ஒரு பக்கம்கூடப் படிக்கல, பின்னட்டையில போட்டிருந்த கதைச்சுருக்கம்தான் தெரியும். படிக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். அப்புறம் படிச்சேன் மேடம். படிச்சதும் சொல்லியிருக்கணும். ஆனா இவங்க அந்த முடிவ வெச்சு என்னென்னமோ கண்டுபிடிச்சு, டெய்லி வந்து சந்தோஷமாச் சொன்னாங்க. செருப்பு, கதவுன்னு. நான் படிக்கும்போது அதெல்லாம் என் கண்ணுலயே படல. எப்படிச் சொல்றதுன்னு பயந்துட்டு, புத்தகத்தையே குடுக்காம வெச்சிருந்தேன்."

"பொய் சொன்னது உங்க தப்பு" என்றார் பேராசிரியை. "படிக்காம திட்டம் போட்டது அவங்க தப்பு. ரெண்டும் ஒண்ணாகாது. திட்டம் சொல்ல இன்னைக்குத்தான் கடைசி. எல்லார் முறைக்கும் நேரம் பிரிச்சாச்சு."

"கடைசி முறை என்னோடது. அத அக்காவுக்குக் குடுங்க."

"அப்ப நீங்க?"

கரண்டு தோளைக் குலுக்க முயன்றான். அது சரியாக வரவில்லை. "அடுத்த வருஷம் எழுதறேன்."

பேராசிரியை பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "ரெண்டு பேரும் வெளியே போங்க. முறை வந்ததும் கூப்பிடறேன். அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டு முடிவு பண்றேன்."

தாழ்வாரத்தில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. கரண்டு பையிலிருந்து கடைசிப் பகுதியை எடுத்து நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. எழுத்துகள் கண்ணில் நிற்கப்போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

"உள்ள என்னைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்க தம்பி" என்றாள் அவள். சத்தமில்லாமல்தான் சொன்னாள். "உங்களுக்கு வெக்கம் ஒரு நிமிஷம். எனக்கு அது பொழப்பு. விளையாட வேற ஒண்ணும் கிடைக்கலயா உங்களுக்கு?"

"விளையாடலக்கா. எனக்கும் பயம்தான்."

மன்னித்துவிட்டேன் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை. சொன்னால் அது பொய்யாகவும் இருந்திருக்கும். மரப்பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கரண்டு அவளுக்கு எதிரே தரையில் அமர்ந்தான். தாள்களை முழங்கால்மேல் விரித்து, வகுப்புக்குள் கேட்காத குரலில் படிக்கத் தொடங்கினான். உள்ளே யாரோ தம் திட்டத்தைச் சொல்லும் ஒலி கதவைத் தாண்டி முணுமுணுப்பாக வந்துகொண்டிருந்தது. கரண்டு நல்லபடியாகப் படிக்கிறவன் அல்லன். வரி தவறிவிடாமல் இருக்க ஆள்காட்டி விரலைச் சொற்களுக்கு அடியில் நகர்த்திக்கொண்டே போனான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த விரலை மட்டும் பார்த்தாள். அதன் நகத்தோரம் எப்போதோ கருகியிருந்தது.

ஏரியில் நீர் ஏறியது. அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "யாரது, தண்ணியா?" என்று கேட்டான். மதகுக் காவலாளி திறந்தே கிடந்த கதவின் நிலையில் நின்றான். வலப்பக்கம் மேட்டுக்குப் போகும் பாதை, இடப்பக்கம் மதகு. அவன் கால்கள் நடுங்கின என்று எழுதியிருந்தது.

அங்கே விரல் நின்றது. கரண்டு நிமிர்ந்து வகுப்பறைக் கதவைப் பார்த்தான். கதவுக்கு அப்பால் ஒருவர் பேசி முடித்து உட்காரும் ஓசை கேட்டது.

"நிறுத்தாதீங்க" என்றாள் அவள். "படிங்க."

விரல் அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது.