அத்தை இல்லாத நாலு குறிப்பு

எங்கள் பத்திரிகையில் பக்கம் வடிவமைப்பவருக்கு 'அளவுகோல்' என்று பேர். ஒரு வரி கூடிவிட்டால் போதும், ஏதோ அவர் வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டு வந்ததுபோலக் கத்துவார். அன்றைக்கும் அப்படித்தான்.

"மேடம், விடுமுறைப் புதிர்ல ஒரு வரி வெளிய நிக்குது. ஒண்ணை வெட்டுங்க!"

நான் பிழை திருத்துகிறவள். வெட்டச் சொன்னால் கடைசி வரியை வெட்டுவேன். யோசிப்பதெல்லாம் கிடையாது, கைப்பழக்கம். ஐந்தாவது குறிப்பை ஒரே கோட்டில் அடித்துக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

புதிர் இதுதான். வருடக் கடைசி விடுமுறைக்கு அத்தை, மாமா, அண்ணி மூன்று பேரும் மலை, கடல், காடு என்று ஆளுக்கு ஓர் இடம் போகிறார்கள். போகிற அவசரத்தில் தொப்பி, குடை, மூக்குக்கண்ணாடி என்று ஆளுக்கு ஒரு பொருளை வீட்டில் மறந்துவிடுகிறார்கள். கண்ணாடியை மறந்தது யார்? எழுதி அனுப்புகிறவர் ஒரு பல் டாக்டர். ஊசி போட்டுவிட்டு ஈறு மரத்துப்போகக் காத்திருக்கிற நேரத்தில் இதைத்தான் செய்வாராம்.

மூன்று மணிக்கு அச்சு ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஆசிரியர் முதல் பிரதியோடு என் மேஜைக்கு வந்தார்.

"விடை அத்தைன்னு கீழ தலைகீழாப் போட்டிருக்கு. குறிப்புல எங்கம்மா அத்தை? பேரே இல்லையே!"

நான் திருத்திக் கொடுத்த தாளைத் தேடி எடுத்தேன். நான் அடித்த வரி: 'கடலுக்குப் போனது அத்தை.'

போன மாதம்தான் பரீட்சை அட்டவணையில் ஒரு வரியை விட்டுவிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா புது வருஷத்துல நீங்க வர வேண்டாம்" என்று இவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு நாற்பத்து மூன்று வயதில் கிடைத்த வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்றார்கள்; ஆறாவது மாதம் அந்த வாரத்தோடு முடிகிறது. எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டில் நான் தப்பைக் காட்டினால் ஒருத்தரும் திருத்திக்கொள்வதில்லை. இங்கே உடனே திருத்துகிறார்கள்.

பழியை அளவுகோல் தலையில் போட்டிருக்கலாம், நம்பியிருப்பார்கள். வாய் வரவில்லை.

"நான்தான் சார் வெட்டினேன்."

ஆசிரியர் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார். எடுத்தது நர்ஸ். "டாக்டர் ஒரு கடவாய்ப் பல்லோட மல்லுக்கட்டிட்டு இருக்காரு சார். பிடுங்கினதும் பேசச் சொல்றேன்."

"அஞ்சு நிமிஷம் கொடுங்க சார்" என்றேன். எந்தத் தைரியத்தில் கேட்டேனோ தெரியாது.

ஸ்டேப்ளரை மாமா ஆக்கினேன். கோந்துப் புட்டி அண்ணி. பாதி குடித்து ஆறிப்போன டீ கிளாஸ் அத்தை. மூன்று தாளில் மலை, கடல், காடு என்று எழுதி மேஜையில் பரப்பினேன். ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் குறிப்பு: அண்ணி போனது காட்டுக்கு. கோந்து காட்டில் உட்கார்ந்தது. இரண்டாவது: மாமாவுக்கு அலை என்றால் பயம், கடல் பக்கமே போகவில்லை. காட்டில்தான் அண்ணி இருக்கிறாளே, மாமாவுக்கு மலையை விட்டால் வேறு போக்கிடம் ஏது? ஸ்டேப்ளரை மலையில் ஏற்றினேன்.

மிச்சம் கடல் மட்டும். கையில் மிச்சம் டீ கிளாஸ் மட்டும். யாரும் சொல்லாமலே அத்தை கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்!

மூன்றாவது: மலைக்குப் போனவர் மறந்தது தொப்பி. ஆகவே தொப்பி மாமா கணக்கு. நான்காவது: கடலுக்குப் போனவர் குடையை மறக்கவில்லை. அத்தை மறந்தது தொப்பியும் இல்லை, குடையும் இல்லை.

"கண்ணாடி!" என்று கத்தியது நான் இல்லை, ஆசிரியர்.

நம்பாமல் அவரே ஒரு தடவை ஸ்டேப்ளரை நகர்த்தி, கோந்தை நகர்த்தி, எல்லாவற்றையும் திரும்பப் போட்டுப் பார்த்தார். அத்தை அசையவில்லை. "மெஷினை ஓட்டச் சொல்லுங்க" என்று, சத்தம் கேட்டு வந்து நின்ற அளவுகோலைப் பார்த்துச் சொன்னார். கீழே அச்சு மறுபடி கடகடக்கத் தொடங்கியதும்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது டாக்டர் கூப்பிட்டார். ஆசிரியர் போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அஞ்சாவதுதானே? அது உங்க ஆபீசுக்காகவே எழுதறதும்மா. ஒவ்வொரு தடவையும் ஒண்ணை வெட்டிடறீங்க. அதான் தேவையில்லாத ஒண்ணைக் கடைசியில சேர்த்து அனுப்பிடுவேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா டாக்டர்? உயிரே போயிடுச்சு!"

"சொன்னா ரெண்டு குறிப்பா வெட்டுவீங்களே!"

ஆறு மாதத்தில் ஆசிரியர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் அறைக்குப் போனவர், கதவருகே நின்று திரும்பினார்.

"ஒண்ணாம் தேதி லீவு. ரெண்டாம் தேதி வந்து நிரந்தரத்துக்கான கடுதாசியை வாங்கிக்குங்க. இனிமே வெட்டறதுக்கு முன்னாடி போட்டுப் பாருங்க."

தலையை ஆட்டினேன். அவர் உள்ளே போனதும் அத்தையைக் கடலிலிருந்து தூக்கி ஒரே மடக்கில் குடித்தேன். ஆறின டீ அவ்வளவு ருசியாக இருக்கும் என்று யார் சொல்லியும் நான் நம்பியிருக்க மாட்டேன்.