பாதிக் கூடும் புதுக் காலும்

பரளச்சியில் பாண்டிராஜ் கட்டும் வீட்டுக்கு இன்னும் கதவு வைக்கவில்லை, சுவர் பூசவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்க யுவராணியை அழைத்து வந்த அவளுடைய தாய்மாமன் செல்லப்பாண்டி, செங்கல் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு மூலையில் ஓடிக்கொண்டிருந்த பிரிட்ஜை, மோர் இருக்குமா என்று திறந்தார். மோர் இல்லை. உறைந்த தண்ணீர் பாட்டில்கள்தான் இருந்தன.

“கதவு இல்ல, பிரிட்ஜு மட்டும் இருக்கு! யாருக்குத் தம்பி இம்புட்டு ஐஸு?”

“இவுகளுக்குத்தான் மாமா,” என்று கண்ணாடித் தொட்டியைக் காட்டினான் பாண்டிராஜ். பாளையம்பட்டியில் அவனுக்கு வண்ணமீன் கடை. தொட்டிக்குள் ஒரு சலமாண்டர்: பல்லியின் உருவம், தவளையின் உறவு, கழுத்தோரம் இறகு போன்ற செவுள்கள். மெக்சிகோவின் குளிர்ந்த ஏரியில் வாழும் இனம். இந்த வெயிலில் ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டால்தான் பிழைக்கும்.

“கடையில ஒரு மீனு காலக் கடிச்சிருச்சு. இப்பப் பாருங்க.”

அறுந்த இடத்தில் புதுக்கால். நுனியில் நொய்யரிசி போல விரல்கள்.

“எலும்பு, நரம்பு, தோலு எல்லாம் பழையபடி வரும். தழும்புகூட இருக்காது.”

யுவராணி குனிந்து பார்த்தாள். மருந்துக்கடையில் வேலை செய்பவள். புண் இப்படி ஆறி அவள் கண்டதில்லை.

“காலு முளைக்கிறது இருக்கட்டும், வீடு எப்ப முளைக்கும்?” என்றார் மாமா. வெளியே வந்ததும், “சரியா இல்லையான்னு இங்கயே சொல்லிரு தாயி. எனக்கு மனசில்ல,” என்று அவள் காதில் சொன்னார்.

பின்பக்கம், கிணற்றின் மேல் சாய்ந்த கருவேலத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள். ஓர் ஆண்குருவி சோளத்தோகையைக் கிழித்து, அலகாலேயே முடிச்சுப் போட்டது.

“ஆண் பாதிதான் கட்டும்,” என்றான் பாண்டிராஜ். “பொட்டை வந்து இழுத்துப் பாக்கும். புடிச்சாத்தான் மீதி.”

“புடிக்கலைன்னா?”

“வேற கூடு ஆரம்பிக்கும். எனக்கு இருக்கது ஒரே மனைங்க.”

அவள் சிரித்துவிட்டாள். “சலமாண்டர் ஒசத்தியா, குருவி ஒசத்தியா?”

“அது ஒடம்பையே கட்டுது. யாரு பாத்தாலும் பாக்காட்டியும் கட்டும். குருவி, பாக்க ஒருத்தி வருவாங்கிற நம்பிக்கையில கட்டுது.”

“நீங்க?”

அவன் தன் பூசாத சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

பாதிக் கூட்டில் ஒரு பெட்டை வந்து உட்கார்ந்தது. அது முடிவெடுக்கும்வரை யுவராணி காத்திருக்கவில்லை.

“சமையக்கட்டு ஜன்னல இந்தக் கெணத்துப் பக்கம் வைக்கச் சொல்லுங்க.”

மாமா அவளையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார்.

“என்ன மாப்ள நிக்கிறீக? கொத்தனாருக்குப் போனப் போடுங்க!”